நேராக்கிய மூலைமட்டம்

ஆத்தூர்
14.9.2025, ஞாயிறு

அண்ணே, உன் மூலைமட்டம் கோணலா இருந்ததைக் கண்டுபிடிச்சு, நானே நேராக்கி, வீடியோ போட்டு, அதை நாப்பத்தோராயிரம் பேரு பாத்துட்டாங்க.

மூச்சு வாங்குது, இரு. இதை வாட்ஸ்ஆப்லதான் சொல்லப் பாத்தேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து உனக்கு அனுப்புறது எல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது, உன் போட்டோவையும் காணோம். நீ என்னை பிளாக் பண்ணிட்டன்னு என்கூடப் படிச்ச நாகஜோதி சொல்றா. போன் கெட்டுப்போயிருக்கும்னு அம்மா சொல்றாங்க. ரெண்டுல எதுன்னு எனக்குப் புரியல. அதான் மெயில். நீ கத்தார் போறப்ப விசா பேப்பருக்காக இந்த ஐடியைத் திறந்து குடுத்ததே நான்தான், பாஸ்வேர்டை மறந்திருக்க மாட்டன்னு நம்புறேன்.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்குறேன். உன் கருவிப் பெட்டியைத் திறந்துட்டேன். பூட்டை உடைக்கல. பெட்டியோட பஸ்ல தூக்கிட்டுப் போயி திண்டுக்கல்ல பூட்டுக்கடை மலைச்சாமி மாமாகிட்ட வச்சேன். "உங்கண்ணன் என்னத்தா, உள்ள தங்கமா வச்சிருக்கான்?"னு கேட்டுக்கிட்டே சாவி போட்டுக் குடுத்துட்டாரு.

உள்ள பாத்தா தங்கந்தான். இழைப்புளியில உன் கட்டைவிரல் உக்காந்து உக்காந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கு, என் விரலு அதுல பாதிதான் நிறையுது. உளி ஆறும் உன் பழைய காக்கிச் சட்டைத் துணியில சுத்தி, எண்ணெ தடவி, ஒண்ணுமேல ஒண்ணு படாம கிடக்கு. உளியை அடிக்கிற கொட்டாப்புளி ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு, மறுபக்கம் புதுசு மாதிரி. ஏன்ணே எப்பவும் ஒரே பக்கத்தால அடிப்ப? இதையெல்லாம் நான் ரெண்டு வருசமா போன்லதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஜப்பான்ல ஒருத்தரோட பட்டறை, ஸ்வீடன்ல ஒரு அக்காவோட பட்டறை, எது எங்க தொங்குதுன்னு எனக்கு மனப்பாடம். நம்ம கொல்லையில இருக்குற பட்டறைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது.

எல்லாத்துக்கும் அடியில, தலையணை உறைக்குள்ள தனியா, மூலைமட்டம். ஈட்டிமரக் கைப்பிடி, ஓரத்துல பித்தளைப் பட்டை, ஆறு இஞ்சு இரும்புத் தகடு. இதை மட்டும் ஏன் பிள்ளையத் தூங்க வச்ச மாதிரி வச்சிருக்கன்னு யோசிச்சேன். அப்புறம் சோதிச்சுப் பாத்தேன். ரொம்பச் சுலபம். பலகை ஓரத்துல மட்டத்தை வச்சு ஒரு கோடு, அப்படியே மறுபக்கம் திருப்பி வச்சு அதே புள்ளியில இன்னொரு கோடு. மட்டம் தொண்ணூறு டிகிரிக்கு நேரா இருந்தா ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுகணும். விழுகல. நுனியில ஒரு மில்லிமீட்டர் விலகி நிக்குது. அப்ப மட்டத்தோட கோணல் அதுல பாதி, அரை மில்லி. ரிவெட்டைத் தட்டி எடுத்து, தகடை நேரா நிறுத்தி, மறுபடி ரிவெட் அடிச்சேன். நாலு மணி நேரம். இப்ப ரெண்டு கோடும் ஒண்ணுதான்.

இன்னொரு சேதி. பேகம்பூர் சாகுல் ஹமீது பாயோட நாட்டு மருந்து அலமாரியை நான் முடிக்கிறேன். நீ கூட்டை அடிச்சு, மேல் வரிசை எட்டு டிராயரையும் போட்டுட்டு விமானம் ஏறிட்ட. மிச்சம் முப்பத்திரண்டு பொந்து வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. நவம்பர் ஏழு வெள்ளிக்கிழமை அவரு புதுக்கடை திறக்குறாரு. அம்மா ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. இந்த அலமாரி ஒழுங்கா போய் கடையில நின்னா பட்டறை எனக்கு. இல்லேன்னா தேங்காய் யாவாரி சோலைமலைக்குக் குடவுனுக்கு விட்டுட்டு, நான் கவர்மெண்ட் வேலைப் பரீட்சைக்குப் படிக்கப் போகணும்.

பிளாக் பண்ணியிருந்தா எடுத்து விடு. பண்ணலேன்னா போனைச் சரி பண்ணு.

ஆனந்தி


தோஹா
16.9.2025

அன்புள்ள ஆனந்திக்கு,

நலம். அம்மாவும் நீயும் நலமா?

போன் கெடவில்லை.

அந்த மட்டத்தில் கோணல் எதுவும் இல்லை. அதைத் தொட உனக்கு யார் சொன்னது? பெட்டியைப் பூட்டி வைத்தவனுக்குக் காரணம் இருக்கும் என்று தோன்றவில்லையா? வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடு. கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டு. பாயிடம் நான் மார்ச்சில் லீவுக்கு வந்து முடித்துத் தருவேன் என்று சொல்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கினாயா?

பழனிக்குமார்


ஆத்தூர்
17.9.2025

அண்ணே,

எடுத்துட்டேன். யூடியூப்லயும் எடுத்துட்டேன், இன்ஸ்டாவிலயும் எடுத்துட்டேன், கோவத்துல போன்லேர்ந்தும் அழிச்சுட்டேன். கோடு போட்ட பலகையையும் இழைச்சு டிராயருக்கு அடிப்பலகையாப் போட்டாச்சு. போதுமா?

ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கோணல் இல்லேங்குற. அப்ப ரெண்டு கோடு எப்படி வந்துச்சு? நான் ஒருதடவை பண்ணல, பதினோரு தடவை பண்ணேன். நான் சொல்லல, பென்சில் சொல்லுது.

இன்னொண்ணும் சொல்லிருறேன், கோவிச்சுக்காத. நேராக்கின மட்டத்தை வச்சு உன் எட்டு டிராயரோட மூலையையும் பாத்தேன். எட்டும் கோணல். அதுவும் எட்டும் ஒரே அளவு கோணல். மட்டம் கோணல்னா டிராயரும் கோணலாத்தான வரும். பாயிக்கு இது தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். என்னோட முப்பத்திரண்டை முடிச்சுட்டு உன்னோட எட்டையும் பிரிச்சுச் சரியாப் போட்டுரட்டா? யாருக்கும் தெரியாது.

மார்ச் வரைக்கும் பாய் நிக்க மாட்டாரு. கடை திறக்குற தேதி பத்திரிகையில அடிச்சாச்சு.

எண்ணெ வாங்கிட்டேன்.

ஆனந்தி


தோஹா
28.9.2025

அன்புள்ள ஆனந்திக்கு,

பதில் எழுதத் தாமதம். இங்கே ஒரே வில்லாவில் ஒன்பது சமையலறை. அளவெடுப்பதற்கு லேசர். சுவரில் சிவப்புக் கோடு விழும், அதன்மேல் ஆணி. அலமாரி எல்லாம் அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. நான் திருப்புளி பிடிப்பதோடு சரி.

என் எட்டு டிராயரைத் தொடாதே. இதை அண்ணனாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அந்த மட்டம் ராசியான மட்டம். டிராயர் வேலைக்கு மட்டும்தான் அதை எடுப்பேன். கதவு, ஜன்னலுக்கு வேறு மட்டம். அதை வைத்துச் செய்த எந்த டிராயரும் என்னிடம் பழுது என்று திரும்பி வந்ததில்லை. இதற்கு மேல் காரணம் கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியாது. ராசியை நீ ரிவெட் தட்டி எடுத்துவிட்டாய், அவ்வளவுதான்.

பாயிடம் பேசி நேரம் வாங்கு. நீ செய்யாதே.

பழனிக்குமார்


ஆத்தூர்
21.10.2025, தீபாவளிக்கு மறுநாள்

அண்ணே,

செஞ்சுட்டேன். முப்பத்திரண்டும்.

செப்டம்பர் கடைசியில மாட்டிப் பாத்தப்ப ஒவ்வொண்ணும் உறை போட்ட மாதிரி அப்படி உக்காந்துச்சு. சுத்தி ஒரு தாளு கூட நுழையாது. நாலு மூலையும் நூலு பிடிச்ச மாதிரி. நானே உக்காந்து செத்த நேரம் அழுதேன், சந்தோசத்துல. அப்புறம் மழை பிடிச்சுச்சு. பத்து நாளா அணைப் பக்கத்துலேர்ந்து ஈரக்காத்து, பட்டறையில தீப்பெட்டி கூடப் பத்த மாட்டேங்குது.

சனிக்கிழமை பாய் பாக்க வந்தாரு. முதல்ல உன்னோட வரிசை. ஒத்தை விரலைக் குடுத்தாரு, டிராயர் வந்துச்சு. "குமாரு குமாருதான்"னு சிரிச்சாரு. ரெண்டாவது வரிசை என்னுது. இழுத்தாரு. வரல. ரெண்டு கையால இழுத்தாரு. அலமாரியே ஒரு அடி முன்னாடி வந்துச்சு, டிராயர் வரல.

"ஏம்மா, இதுக்குள்ள நான் சுக்கு வைக்கணுமா, நகை வைக்கணுமா?"

"மழை பாய். மரம் ஊதியிருக்கு."

"மேல் வரிசைக்கு மட்டும் மழை பெய்யலையாம்மா?"

அவரு பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு. "கோவமா சொல்லலம்மா. ஒருத்தன் இருமிக்கிட்டே வந்து நிப்பான். நான் அதிமதுரத்தை இழுத்து எடுக்குறதுக்குள்ள இருமல் நின்னுரும். இல்ல, அவன் நின்னுருவான். அஞ்சாந்தேதி வரைக்கும் பாக்குறேன். முடியலேன்னா தகரத்துல வாங்கிக்கிறேன். எட்டு வச்சிருக்கேன்ல, அது போதும் உங்கண்ணன் ஞாபகத்துக்கு."

அவரு போனதும் ரெண்டு டிராயரை எடுத்து ரெண்டு பக்கமும் இழைச்சேன். இப்ப நுழையுது. ஆனா முன்னாடி சந்து விழுந்து தொளதொளன்னு ஆடுது, இழுத்தா கோணிக்கிட்டு பாதியில நிக்குது. இழைச்சாலும் தப்பு, இழைக்காட்டியும் தப்பு. கோணலா செஞ்ச உன்னுது ஓடுது, நேரா செஞ்ச என்னுது ஓட மாட்டேங்குது. எனக்குத் தலை சுத்துது. போன்ல பாத்த எல்லாரும் நேரா இருக்கணும், நேரா இருக்கணும்னுதான சொல்றாங்க?

அம்மாகிட்டச் சொன்னேன். உன்னோட டிராயர் ஒண்ணைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் கூட அலட்டிக்கல. "சிங்கமுகம்த்தா. கடைக்கு அதான் வைக்கணும். வீட்டுக்குப் பசுமுகம், கடைக்குச் சிங்கமுகம். உங்கண்ணன் மனையடி பாத்துச் செஞ்சிருப்பான்"னாங்க.

நீ ராசிங்குற, அம்மா சிங்கமுகங்குறாங்க. ரெண்டையும் நான் எந்த அரத்தால ராவுறது? தகரம் வந்து நின்னுச்சுன்னா சோலைமலை அன்னைக்கே தேங்காயைக் கொண்டாந்து கொட்டிருவாரு. போன வாரமே டேப்பைப் பிடிச்சு பட்டறையை அளந்துட்டுப் போயிட்டாரு.

உனக்கு என்மேல என்ன கோவம்னு இன்னும் தெரியல. பெட்டியைத் திறந்ததுக்குத்தான்னா ரெண்டு அடி அடிச்சுருவ, அப்பவே முடிஞ்சிரும். அஞ்சு வாரமா பேசாம இருக்க மாட்ட. வேற என்னமோ இருக்கு. சொல்லிருண்ணே. அந்த மட்டத்துல என்ன இருக்கு?

ஆனந்தி


தோஹா
23.10.2025

அன்புள்ள ஆனந்திக்கு,

இதை மூன்று முறை எழுதி அழித்தேன். வெள்ளி விடுமுறைக்கு முந்தைய இரவில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, பகலிலேயே லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த மட்டத்தை நான்தான் கீழே போட்டேன். பதினோரு வருடம் ஆகிறது. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் வேலை. ஏணியில் நின்றுகொண்டு இடுப்பில் செருகியிருந்தேன், வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தகடு அசைந்துவிட்டது. அன்று சாயங்காலம் மண்டபத்துக்காரர் வீட்டு மேசைக்கு ஒரு டிராயர் போட்டாக வேண்டும். வேறு மட்டம் இல்லை. ரிவெட்டை அப்படியே இறுக்கி அடித்து, கோணல் என்று தெரிந்தேதான் அதை வைத்து முடித்தேன். மூலை கோணலாக வந்தது. பின்பலகையை இருக்கிற இடத்துக்கு வெட்டிப் பொருத்தி மறைத்தேன். காசு வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, நல்ல மழையில் அந்த மனிதர் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று எடுத்தேன். "ஏனுங்க குமாரு, வீட்டுல இருக்குற டிராயரு எல்லாம் சிக்கிக் கிடக்குதுங்க, நீங்க போட்டது மட்டும் வெண்ணெயாட்ட ஓடுதுங்க. இன்னும் ஆறு போட்டுக் குடுங்க" என்றார்.

திண்டுக்கல் போய்ப் புது மட்டம் வாங்கி, ஒழுங்காக நேராக ஆறும் செய்தேன். ஆறும் சிக்கிக்கொண்டது. பிரித்து, விழுந்த மட்டத்தை வைத்து மறுபடி செய்தேன். ஓடியது. ஏன் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. ஊரில் டிராயர் என்றால் குமார் என்று பேரானது. ஒவ்வொரு முறை யாராவது புகழும்போதும், இவன் கைவேலை இல்லை, ஏணியிலிருந்து விழுந்த வேலை என்று எனக்குள் ஒன்று சொல்லும். யாரும் அந்த மட்டத்தை எடுத்துப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் பெட்டிக்குப் பூட்டு.

உன் வீடியோவை எனக்குக் காட்டியது என் அறையில் இருக்கும் ஆனந்த்ராஜ். நம்ம பக்கத்துப் பிள்ளை செய்திருக்கிறது என்று பெருமையாக எடுத்து வந்தான். உன் குரலைக் கேட்டதும் எனக்கும் பெருமைதான். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தான். "எவன்டா இந்த மட்டத்தை வச்சு இத்தனை வருசம் வேலை பாத்தவன்" என்று ஒருவன். அதற்கு இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். "அந்த ஆளு வீட்டுல கட்டிலாவது நேரா நிக்குதா" என்று இன்னொருவன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே போய் உன்னை பிளாக் செய்தேன்.

நீ தெரியாமல் செய்தாய். எனக்குத்தான் எதில் கோபம் என்று தெரியவில்லை.

பழனிக்குமார்


ஆத்தூர்
24.10.2025

அண்ணே,

உன் கடிதாசியைப் படிச்சுட்டு முதல்ல ஸாரி சொல்லத்தான் உக்காந்தேன். அது கடைசியில வருது. அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துருச்சு.

"பின்பலகையை இருக்கிற இடத்துக்கு வெட்டி"ன்னு எழுதியிருந்தல்ல. அந்த இடத்துல நின்னுட்டேன். நேரா பட்டறைக்கு ஓடுனேன். அம்மா உக்காந்திருந்த உன் டிராயரை "எந்திரிம்மா"ன்னு பிடுங்கிட்டுப் போனேன். முன்னாடி அளந்தேன், இருவது சென்டிமீட்டர். பின்னாடி அளந்தேன், ரெண்டு மில்லி கம்மி. மிச்ச ஏழையும் உருவி அளந்தேன். எல்லாம் ரெண்டு மில்லி கம்மி.

பாரு. உன் மட்டம் ஆறு இஞ்சுக்கு அரை மில்லி உள்பக்கம் சாஞ்சிருந்துச்சு. டிராயர் ஆழம் ஒரு அடி. அப்ப ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லி, ரெண்டு பக்கத்துக்கு ரெண்டு மில்லி. நீ மட்டத்தை மூலைக்கு உள்ள வச்சு ஒட்டுறப்ப ரெண்டு பக்கமும் தானா உள்ள சாஞ்சிரும். முன்பக்கம் மட்டும் பொந்தோட வாய்க்குச் சரியா நிக்கும், ஆடாது. பின்னாடி போகப் போக ரெண்டு பக்கமும் காத்து. மழையில மரம் ஊதினாலும் ஊதுறதுக்கு இடம் இருக்கு. என்னோடதுல முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு, ஊதுறதுக்கு இடமே இல்ல, சுவத்தைப் பிடிச்சுக்கிச்சு. இழைச்சப்ப நான் முன்பக்கத்தையும் சேத்து இழைச்சேன், அதான் ஆடுச்சு.

அம்மா சொன்ன சிங்கமுகம் இதுதான். முன்னாடி அகலம், பின்னாடி குறுகல். அவங்க பூண்டு உரிச்சுக்கிட்டே கண்டுபிடிச்சதை நான் டேப்பை வச்சுக்கிட்டுத் தவற விட்டுட்டேன்.

இதைத் தேடிப் பாத்தேன். வெளிநாட்டுல சில பேரு வேணும்னே பின்னாடி ஒரு மயிரிழை குறைச்சுத்தான் டிராயர் செய்யுறாங்களாம். அவங்க யோசிச்சுச் செஞ்சது, உனக்கு ஏணியிலேர்ந்து விழுந்துச்சு. ஆனா ஒண்ணு கேக்குறேன். விழுந்த மட்டம் எத்தனையோ பேருகிட்ட இருந்திருக்கும். அது ஓடுதுன்னு கவனிச்சு, புது மட்டத்துல ஆறு செஞ்சு பாத்து, பிரிச்சு மறுபடி செஞ்சது யாரு? நீதான. அதுக்குப் பேரு ராசியா? உனக்கு நான் சொல்லித் தர்றேன்னு நினைச்சுக்காத. எனக்கு உண்மையிலேயே குழப்பமா இருக்கு, அதான் கேக்குறேன்.

என்னோட முப்பத்திரண்டையும் முன்னாடி விட்டுட்டு பின்னாடி மட்டும் சரிவா இழைக்கப் போறேன். பன்னெண்டு நாள் இருக்கு. ஒரு நாளைக்கு மூணு. உன் இழைப்புளிதான், நான் கேக்கல, சொல்றேன்.

மட்டத்தோட ரிவெட்டை மறுபடி கழட்டிட்டேன், இப்ப ரெண்டா கிடக்கு. உன் டிராயர் மூலையில வச்சு அதே கோணத்துக்குத் திருப்பி அடிச்சிர முடியும். நேராவும் அடிக்க முடியும். நீ சொல்ற வரைக்கும் தொட மாட்டேன்.

அந்தக் கமெண்டை எல்லாம் நானும் பாத்தேன்ணே. நானும் ஒண்ணுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டேன். ஸாரி.

ஆனந்தி


தோஹா
26.10.2025

அன்புள்ள ஆனந்திக்கு,

இரண்டு நாளாக வேலையில் கவனமில்லை. இங்கே மாட்டிய டிராயர் ஒன்றைக் கழற்றி அளந்தேன். முன்னும் பின்னும் ஒரே அளவு. பக்கத்தில் இரும்புச் சக்கரம் இருப்பதால் ஓடுகிறது. சக்கரத்தையும் கழற்றிவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பதினோரு வருடம் என் எதிரிலேயே இருந்த இரண்டு மில்லி. அதை என் தப்பு என்று நினைத்து ஒளித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. ராசி போய்விட்டது போலவும் இருக்கிறது. ராசியே இல்லாமல்தான் இத்தனை நாள் வேலை ஓடியிருக்கிறது என்று நிம்மதியாகவும் இருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். முன்பக்கத்திலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு இழைப்புளி படவே கூடாது. பென்சிலால் கோடு போட்டுக்கொள். அங்கிருந்து பின்னால் போகப் போக அழுத்தம் கூட்டு. ஒரே இழுப்பில் எடுக்காதே, நாலு இழுப்பு. வேப்பம்பலகை நாரு எதிர்த்து நிற்கும் இடத்தில் டிராயரைத் திருப்பிப் போட்டுக்கொள். முடித்ததும் வீட்டில் இருக்கும் மெழுகுவர்த்தியைப் பக்கங்களில் தேய். ஈரநாளில் அளந்து பார், வெயில் நாளில் ஏமாற்றும்.

கொட்டாப்புளியை ஒரே பக்கத்தால் அடிப்பது ஏன் என்று கேட்டிருந்தாய். தெரியாது. இனி அதையும் யோசிக்க வேண்டும்.

மட்டத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பழனிக்குமார்


ஆத்தூர்
8.11.2025

அண்ணே,

முதல்ல கையைச் சொல்றேன். வலது உள்ளங்கையில ரெண்டு கொப்புளம், உடைஞ்சு காஞ்சிருச்சு. கட்டைவிரல் உன் பள்ளத்துல இப்பவும் பாதிதான் நிறையுது, ஆனா வழுக்கல.

நாலாந்தேதி ராவெல்லாம் உக்காந்து முடிச்சேன்னு சொன்னா நல்லா இருக்கும். அப்படி எதுவும் இல்ல, மூணாந்தேதி மத்தியானமே முடிஞ்சுபோச்சு. மெழுகு தேய்ச்சுத் துடைக்க எல்லாத்தையும் தரையில பரப்பினேனா, திருப்பி மாட்டுறப்ப கலந்துபோச்சு. பொந்து எல்லாம் ஒரே அளவு, எது எங்கன்னாலும் போவுது. உன் எட்டு எது, என் முப்பத்திரண்டு எதுன்னு எனக்கே தெரியல. அஞ்சாந்தேதி பாய் வந்தாரு. வெளிய தூறல். மேல் வரிசையில ஒண்ணை ஒத்தை விரலால இழுத்தாரு, வந்துச்சு. நடுவுல ஒண்ணு, வந்துச்சு. கீழ் வரிசைக்குக் குனிஞ்சாரு, வந்துச்சு. வேகமா உள்ள தள்ளினாரு, உள்ளேர்ந்து காத்து புஸ்ஸுன்னு வந்துச்சு. நாப்பதையும் இழுத்துட்டுத்தான் நிமுந்தாரு.

"குமாரு எப்பம்மா வந்தான்?"

"வரல பாய்."

"பின்ன, இதுல அவனோடது எந்த எட்டு?"

"தெரியல பாய். கலந்துபோச்சு."

"சரி விடு. எனக்கும் தெரியாமயே இருக்கட்டும்"னாரு. நேத்து தொழுகை முடிஞ்சு கடை திறந்தாச்சு. திப்பிலி, கடுக்காய், அதிமதுரம்னு ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதி ஒட்டி நிக்குது. வந்தவங்க எல்லாம் மருந்து வாங்காம டிராயரை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு இருந்தாங்க. பாயிக்கே எரிச்சல். பழனி ரோட்டுல அவரு மச்சானும் ஒரு கடை போடுறாராம், அறுபது டிராயர் வேணுமாம்.

இன்னைக்குக் காலையில சோலைமலை வந்து வாசல்ல நின்னாரு, எப்ப தேங்காயைக் கொண்டாரட்டும்னு. அம்மா கூட்டுறதை நிறுத்தாமயே சொன்னாங்க, "பட்டறையில ஆளு இருக்குய்யா."

மட்டம் இன்னும் ரெண்டாதான் கிடக்கு. அறுபதுக்கு அது வேணும். நேராவா, கோணலாவா?

ஆனந்தி


தோஹா
10.11.2025

அன்புள்ள ஆனந்திக்கு,

அம்மா சோலைமலையிடம் சொன்னதை ஆனந்த்ராஜுக்குப் படித்துக் காட்டினேன். கூடவே அந்த மட்டம் யாருடையது என்பதையும் சொல்லிவிட்டேன். "அப்ப எங்க வீட்டுக்கு ஒரு மேசை செஞ்சு குடுண்ணே" என்றான்.

கோணலாகவே ரிவெட் அடி. கலந்துபோன டிராயரில் ஏதாவது ஒன்றின் மூலையில் வைத்து அடி, என்னுடையதா உன்னுடையதா என்று தேடாதே. நேரான மட்டம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்துவிடு, கதவு வேலைக்கு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது. இனி அதைத் தலையணை உறையில் சுற்ற வேண்டாம். ஆணியில் மாட்டு.

நீ அழித்த வீடியோ என்னிடம் இருக்கிறது. பிளாக் செய்வதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. இத்துடன் இணைத்திருக்கிறேன். மறுபடி போடு. கூடவே நாற்பது டிராயரையும் இழுத்துக் காட்டு. கீழே இதை அப்படியே எழுது. உன் பாஷையில் மாற்றாதே:

"இந்த மட்டத்தை வைத்துப் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் ஆத்தூர் பழனிக்குமார். ஏணியிலிருந்து கீழே போட்டவனும் நான்தான். என் வீட்டுக் கட்டில் நேராகத்தான் நிற்கிறது. உங்கள் வீட்டில் மூலைமட்டம் இருந்தால் எடுத்துத் திருப்பி வைத்து இரண்டு கோடு போட்டுப் பாருங்கள். கோணலாக இருந்தால் உடனே நேராக்கிவிடாதீர்கள். அதை வைத்து என்ன செய்தார்கள் என்று விசாரித்து, அந்தச் சாமானை ஒரு மழைநாளில் இழுத்துப் பாருங்கள். ஓடினாலும் சரி, சிக்கினாலும் சரி, எங்களுக்கு எழுதுங்கள். என்னைப் போலவே கோணல் மட்டத்தை ஒளித்து வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் அவருக்கும் இதை அனுப்புங்கள்."

பழனிக்குமார்